தகரத்தில் சிரித்த இன்ஜினியர்

ரோஷெல் பாங்கனிபான் சிரித்தால் இடது பக்கத்துப் பல் ஒன்று வரிசையை விட்டு முன்னால் வந்து எட்டிப் பார்க்கும். அந்தப் பல்லுக்காகவே அவள் படங்களில் எப்போதும் வாயை மூடிக்கொண்டு, யாரோ திட்டியதுபோல நிற்பாள். பொறியாளர் தேர்வு முடிவு வந்த அன்று மட்டும் பல்லை மறந்துவிட்டாள். வாய்கொள்ளாமல் சிரித்தாள். ஊரார் மரியாதையாக ஆலிங் பூரிங் என்று அழைக்கும் அவள் அம்மா அந்தப் படத்தைத்தான் ஃபிளெக்ஸ் அடிக்கக் கொடுத்தாள்.

காபுலுவான் என்ற அந்தக் கடற்கரை ஊரில் யார் வீட்டுப் பிள்ளை அரசாங்கப் பரீட்சை பாஸானாலும் வாசலில் ஃபிளெக்ஸ் கட்டுவார்கள். நர்ஸ், ஆசிரியர், கப்பல் வேலைக்காரர் என்று கடற்கரைச் சாலை நெடுகச் சிரித்த முகங்கள்தான். ஒரு வீட்டில் ஓட்டுநர் உரிமம் வாங்கியதற்குக்கூடக் கட்டியிருந்தார்கள். பாங்கனிபான் வீட்டு வாசல் மட்டும் பல வருஷமாக வெறுமையாகக் கிடந்தது. அந்த வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் படித்தவர் ஒருவரும் இல்லை. அதனால் ரோஷெல் பாஸானதும் ஆலிங் பூரிங் பழைய கணக்கையெல்லாம் சேர்த்துத் தீர்த்தாள். ஃபிளெக்ஸ் வீட்டோடு சேர்ந்த அவளுடைய சாப்பாட்டுக் கடையைவிட அகலமாக இருந்தது.

முதல் ஃபிளெக்ஸை ஆகஸ்ட் மாதப் புயல் கிழித்துக்கொண்டு போனது. இன்ஜினியரின் நெற்றி மட்டும் தென்னை மட்டை ஒன்றில் பல நாள் தொங்கியது. ஆலிங் பூரிங் விடவில்லை. செப்டம்பர் பிறந்ததும் இன்னொன்று அடித்து, அதைக் கூரைத் தகரத்தின் மேல் ஒட்டி, தகரத்தை அடுக்களைக்குப் பின்னால் இருந்த இரும்புக் கம்பத்தின் உச்சியில் போல்ட் போட்டு முறுக்கினாள். சாலைத் திருப்பத்திலேயே பல் தெரிந்தது.

ரோஷெலுக்கு மானம் போயிற்று. வட்டாரத் தலைநகரில், தொலைத்தொடர்பு ஆணையத்தின் அலுவலகத்தில், அவள் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். ஊருக்கு வரும்போதெல்லாம் திருப்பத்தில் தலையைக் குனிந்தால் வீட்டு வாசலில்தான் நிமிர்வாள். கம்பத்தின் உச்சியில் தன் முகத்தைத் தவிர வேறென்ன இருக்கிறது என்று அவள் ஒருநாளும் அண்ணாந்து பார்த்ததில்லை. பார்த்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

ஒன்றை மட்டும் கவனித்திருந்தாள். குன்றின் மறைவில் இருந்த அவர்கள் வீட்டில் முன்பெல்லாம் கைப்பேசி வெறும் கடிகாரம்தான். சமீப காலமாக அம்மாவின் குரல் காதுக்குள்ளேயே உட்கார்ந்து பேசுவதுபோலக் கேட்டது. கைப்பேசிக் கோபுரத்தை யாரோ சரிசெய்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்தாள். அலுவலகத்தில் அதைப் பெருமையாகச் சொல்லவும் செய்தாள்.

நவம்பரில் கைப்பேசி நிறுவனம் ஒன்றிலிருந்து ஆணையத்துக்குப் புகார் வந்தது. விரிகுடாவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் கோபுரத்தின் காதில் தினமும் பொழுது சாயும் நேரத்தில் இரைச்சல் விழுகிறது. காபுலுவான் பக்கத்துப் பேச்சு பெரும்பாலும் கேட்பதில்லை. ஆணையத்தின் முத்திரை இல்லாத சிக்னல் பூஸ்டர், அதாவது அலையைப் பெருக்கும் பெட்டி ஒன்றை யாரோ ஓட்டுகிறார்கள் என்று சந்தேகம். மேலதிகாரி ரோஷெலைக் கூப்பிட்டார். "உன் ஊர்தானே? வழி தெரியும், போயிட்டு வா" என்றார்.

கூட வந்தவரை அலுவலகத்தில் எல்லோரும் வயதுக்கு மரியாதையாக மாங் செலோ என்பார்கள். ஆணையத்தின் வண்டியை ஓட்டியும் கருவிகளைத் தூக்கியும் தலை நரைத்த மனிதர். வழியெல்லாம் வறுத்த கடலை தின்றுகொண்டே வந்தார்.

முதலில் மேட்டில் இருந்த பிரசவ விடுதிக்குப் போனார்கள். மருத்துவச்சி ஆலிங் லிகாயா வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். ரோஷெலைக் கண்டதும் கையிலிருந்த துணி அப்படியே நின்றது.

"நீயா வந்திருக்கே? உங்க ஆபீஸ்ல வேற ஆளே கிடைக்கலையா?"

"ஏன் ஆலிங் லிகாயா, நான் வந்தா என்ன?"

"ஒண்ணுமில்லம்மா. நீ இன்ஜினியர். வரலாம்." துணியை உதறினாள். "சாயங்காலம் ஆனா என் போன் செத்துப்போயிரும். போன மாசம் ஒரு பொண்ணுக்கு வலி எடுத்து, குழந்தை குறுக்க கிடந்துது. ஆம்புலன்சைக் கூப்பிட முடியல. ட்ரைசைக்கிள்ல ஏத்தி, மடியில தலையை வச்சுக்கிட்டு, சாமியெல்லாம் கூப்பிட்டுக்கிட்டே போறோம், ஆஸ்பத்திரி வாசல்ல குழந்தை தானாத் திரும்பி வெளிய வந்துருச்சு. ஒண்ணும் ஆகல. ட்ரைசைக்கிள்காரன் பேரையே குழந்தைக்கு வச்சிட்டாங்க. அவன் என்னமோ தானே பெத்த மாதிரி திரியறான்."

மாங் செலோ சிரித்தார். ரோஷெலுக்குச் சிரிப்பு பாதியில் நின்றது. "அடுத்த குழந்தை திரும்பலைன்னா?" என்று கேட்டாள்.

"அதான் போன் கம்பெனிக்குப் புகார் குடுத்தேன்." ஆலிங் லிகாயா கொடிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "உங்கம்மா சௌக்கியமா? கடைல சிக்னல் ரொம்ப நல்லாயிருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க."

ரோஷெல் அதை விசாரிப்பு என்றே எடுத்துக்கொண்டாள்.

பொழுது சாய்ந்தது. மாங் செலோ அலை அளக்கும் கருவியை இயக்க, ரோஷெல் மீன்முள் போலிருந்த ஆன்டெனாவைக் கையில் பிடித்து மெதுவாகச் சுற்றினாள். சிறு திரையில் கோடு படுத்தே கிடந்தது. கடற்கரைப் பக்கம் திரும்பியதும் துள்ளி எழுந்தது. நடந்தார்கள். தேவாலயத்தைத் தாண்டினார்கள், கூடைப்பந்து மைதானத்தைத் தாண்டினார்கள். கோடு ஏறிக்கொண்டே போயிற்று. சாலைத் திருப்பம் வந்தபோது ரோஷெல் பழக்கத்தில் தலையைக் குனிந்தாள். கையிலிருந்த ஆன்டெனா குனியவில்லை. அது நேராக எதைக் காட்டுகிறது என்று பார்க்க, அவள் முதன்முறையாக அண்ணாந்து பார்த்தாள்.

கம்பத்தின் உச்சியில் அவளே சிரித்துக்கொண்டிருந்தாள். பல்லுக்குக் கீழே, தகரத்தை ஒட்டி, வெள்ளையாக ஒரு சிறு ஆன்டெனா.

"மாங் செலோ, மிஷின்ல ஏதோ கோளாறு."

"மிஷின்ல கோளாறு இல்ல இன்ஜினியர். மிஷின் உங்களை அடையாளம் கண்டுக்கிச்சு."

கடைக்குள் நல்ல கூட்டம். பாதிப் பேர் சோற்றைத் தின்றார்கள், பாதிப் பேர் தட்டை ஒதுக்கிவிட்டுக் கைப்பேசியில் துபாயோடும் மணிலாவோடும் பேசினார்கள். மூலையில் வீடியோகே பெட்டி முன்னால் ஒரு மீனவர் கண்ணை மூடிக் காதல் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார். ரோஷெல் ஆன்டெனாவோடு நுழைந்ததும் பேச்சு நின்றது. பாட்டு மட்டும் நிற்கவில்லை. ஊருக்கே விஷயம் தெரியும், தனக்கு மட்டும்தான் தெரியாது என்பது அவளுக்கு அந்தக் கணமே விளங்கிவிட்டது.

"இன்ஜினியர் வந்தாச்சு!" என்று ஆலிங் பூரிங் கரண்டியோடு ஓடிவந்தாள். கூட்டத்துக்கு முன்னால் மகளை அப்படித்தான் அழைப்பாள். "உக்காரு, சினிகாங் புளிக்குழம்பு சூடா இருக்கு. இது யாரு, உங்க ஆபீஸ் ஐயாவா? மெலிஞ்சு போயிருக்காரே, உக்காருங்க."

ஆன்டெனா சுவரோரத்துப் பூஜை மாடத்தைக் காட்டியது. குழந்தை ஏசுவின் சிலைக்குப் பின்னால் ஒரு பெட்டி. அதன் நெற்றியில் வரிசையாகச் சிவப்பு விளக்குகள் மினுங்கின.

"நானாய், இது என்ன?" என்று அம்மாவைக் கேட்டாள்.

"விளக்கு. சாமிக்கு. பொழுது சாஞ்சா ஏத்துவேன்."

"ஆன்டெனா வச்ச விளக்கா?"

"நவீன விளக்கு." ஆலிங் பூரிங் கூட்டத்தைத் துணைக்குப் பார்த்தாள். கூட்டம் சோற்றைப் பார்த்தது. "வந்தப்ப பச்சையா எரிஞ்சுது. செப்டம்பர் பொறந்ததும் தானாவே சிவப்பா மாறிடுச்சு. செப்டம்பர்லேருந்தே நமக்குக் கிறிஸ்துமஸ்தானே, அதுக்கேத்த மாதிரி பண்ணியிருக்காங்க."

மாங் செலோவுக்குக் கடலை புரையேறியது.

ரோஷெல் நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள். சிவப்பு விளக்கு கிறிஸ்துமஸுக்கு இல்லை. பெட்டி மூச்சு முட்டிக் கத்துவதன் அடையாளம். தகரம் ஏறிய நாளும் விளக்கு சிவந்த நாளும் ஒன்றேதான். கம்பத்து ஆன்டெனா கோபுரத்தின் அலையை வாங்கிப் பெட்டிக்குக் கொடுக்கிறது. பெட்டி அதைப் பெருக்கி அடுக்களைக்குள் விடுகிறது. அந்த அலை ஜன்னல் வழியே மேலே போய்த் தகரத்தில் முட்டி, மறுபடி கம்பத்து ஆன்டெனாவிலேயே விழுகிறது. அதையும் பெட்டி பெருக்குகிறது. தகரத்தைக் கம்பத்தில் ஏற்றி, அதில் மகளின் முகத்தையும் ஒட்டி, அம்மா பெட்டியைக் கோபுரத்தின் காதுக்குள் ஊளையிட வைத்திருக்கிறாள்.

"இந்தப் பெட்டி ஏது நானாய்?"

"உங்கக்கா கிளாரிஸா அனுப்பினது. ஹாங்காங்லேருந்து, சோப்பு, சாக்லேட்டோட. தங்கச்சிகிட்டச் சொல்லாதீங்க, அவ ஆபீஸ்ல இதெல்லாம் பிடிப்பாங்கன்னு சொல்லித்தான் அனுப்பினா. நானும் சொல்லல. நான் வாக்குத் தவறாதவ."

"முத்திரை எங்க இருக்கு? ஆணையத்தோட ஸ்டிக்கர்?"

"பெட்டிக்கா? சாமிக்குப் பின்னால இருக்கே, அதுக்கு மேல என்ன முத்திரை?"

ரோஷெல் போய் மீனவர் கையிலிருந்த மைக்கை வாங்கினாள். அவர் கண்ணைத் திறந்தார். அவள் மைக்கை ஒலிபெருக்கியின் வாயருகே கொண்டுபோனாள். கீ என்று ஓர் ஊளை கிளம்பி, தட்டுகள் அதிர்ந்தன. எல்லோரும் காதைப் பொத்தினார்கள். மைக்கை விலக்கினாள்.

"இதுதான் நடக்குது நானாய். தன் குரலைத் தானே வாங்கி, தானே பெரிசாக்கி, மறுபடி வாங்கி... இப்பக் காதைப் பொத்தினீங்கள்ல? கோபுரமும் அப்படித்தான் பொத்திக்குது. பெட்டிகிட்ட இருக்கற உங்க போன் மட்டும்தான் அந்த இரைச்சலைத் தாண்டிப் போகும். அப்புறம் ஆலிங் லிகாயா கூப்பிட்டா அதுக்கு எப்படிக் கேக்கும்? முத்திரை உள்ள பெட்டின்னா, தன் குரல் தனக்கே திரும்பி வந்தா உடனே வாயை மூடிக்கும். அப்படி மூடுதான்னு சோதிச்சுப் பாத்துத்தான் முத்திரை குடுப்பாங்க. அதுக்கப்புறமும், அலை யாருக்குச் சொந்தமோ அந்தக் கம்பெனி சரின்னு சொல்லணும். இதுக்கு ரெண்டும் இல்ல. இது வாயை மூடாது."

"என்னையச் சொல்றியா, பெட்டியச் சொல்றியா?"

கடையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஆலிங் பூரிங் கரண்டியை அந்தப் பக்கம் நீட்டியதும் சிரிப்பு நின்றது.

"முத்திரை, முத்திரை! நீ பொறந்தப்ப உனக்கு முத்திரை இருந்துதா? பரீட்சை எழுதற வரைக்கும் சும்மாத்தான் இருந்தே. நான் உன்னைப் பிடுங்கியா போட்டேன்? சோறு போட்டேன்."

"நானாய், நான் ஊருக்கு இடைஞ்சலா இருந்தேனா?"

"எட்டு மாசம் ராத்திரி பூரா அழுதே. தெருவே தூங்கல. கேட்டுப் பாரு."

ரோஷெலுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அம்மா சிரிக்கவில்லை. கரண்டி தாழ்ந்தது. குரலும் தாழ்ந்தது.

"ரோஷ், நீ இதை எடுத்துட்டுப் போனா, ஞாயித்துக்கிழமை நான் அவ முகத்தை எங்க பாக்கறது?"

கூட்டம் நிஜமாகவே சோற்றைக் கவனித்தது இப்போதுதான். கிளாரிஸா ஹாங்காங்கில் வீட்டு வேலை செய்கிறாள். ஞாயிறு ஒரு நாள்தான் விடுமுறை. அன்று பூங்காவில் அட்டை விரித்து உட்கார்ந்து, பொழுது சாயும்வரை அம்மாவின் அடுக்களையைத் திரையில் பார்த்துக்கொண்டிருப்பாள். பள்ளி முடித்த கையோடு போனவள். ரோஷெலின் கல்லூரிக் கட்டணம் ஒவ்வொன்றும் அவள் துடைத்த தரையிலிருந்து வந்தது. அந்தப் படிப்பால் கிடைத்த அதிகாரத்தைக் கொண்டு அவள் அனுப்பிய பெட்டியைப் பிடுங்குவதா? சட்டம் சொல்கிறது என்றால் சரி. சட்டத்தைப் படிக்க வைத்தவள் என்ன சொல்வாள்? ரோஷெலுக்கு இந்த மாதிரிக் கேள்விகள் எப்போதும் தப்பான நேரத்தில்தான் வரும்.

மாங் செலோ காதருகே வந்தார். "இன்ஜினியர், எனக்குக் கண்ணு மங்கல். வண்டியில போய் உக்கார்றேன். நீங்க சொல்ற திசையை எழுதிக்கறேன். கடல் பக்கம்னு சொன்னா கடல். படகு எதாவதுல இருந்திருக்கும், போயிருச்சு."

நல்ல மனிதர். அவர் நல்லவராக இருந்ததுதான் கஷ்டமாக இருந்தது. கடல் என்று சொல்ல வாயைத் திறந்தாள். மேட்டில் உலர்ந்துகொண்டிருந்த துணிகள் நினைவுக்கு வந்தன. குறுக்கே கிடக்கும் அடுத்த குழந்தையிடம் போய், நீயும் தானாகத் திரும்பிக்கொள் என்று யார் சொல்வது?

"கடல் இல்ல மாங் செலோ. எங்க வீடுதான். அப்படியே எழுதுங்க. என் சொந்தக்காரங்கன்னும் சேர்த்து எழுதுங்க. அப்பத்தான் மேல நடவடிக்கையை வேற யாராவது எடுப்பாங்க."

பூஜை மாடத்துக்கு முன்னால் சிலுவைக் குறி போட்டுவிட்டு, குழந்தை ஏசுவைக் கொஞ்சம் நகர்த்தி, பிளக்கைப் பிடுங்கினாள். சிவப்பு அணைந்தது. கடை முழுக்க "ஹலோ, ஹலோ" என்று கத்தினார்கள். துபாய் போயிற்று, மணிலா போயிற்று. ஆலிங் பூரிங் தன் கைப்பேசியை வெங்காயக் கூடையில் எறிந்துவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். முதுகு மட்டும் தெரிந்தது.

கம்பத்து ஆன்டெனாவையும் கழற்ற வேண்டும். மாங் செலோ ஏணி வைத்து ஏறினார். ஆன்டெனாவையும் தகரத்தையும் ஆலிங் பூரிங் ஒரே கம்பியால் சேர்த்துக் கட்டியிருந்தாள். அவர் கம்பியை வெட்டியதும் தகரம் ஒரு போல்ட்டிலிருந்து நழுவி, கிறீச்சென்று அரைவட்டம் சுற்றி, முன்னால் சாய்ந்து நின்றது. கம்பத்தின் உச்சியில் இன்ஜினியர் ரோஷெல், விரிகுடாவைப் பார்த்துத் தலையைக் குனிந்தாள்.

வெங்காயக் கூடையில் கைப்பேசி அடித்தது.

ஆலிங் பூரிங் அதைப் பாம்பைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு எடுத்தாள். ஆலிங் லிகாயாவின் குரல் கடைக்கே கேட்டது. "பூரிங்! என் போனுக்கு உசிர் வந்துருச்சு! உன் மக கெட்டிக்காரிடி!"

"என் பெட்டியைக் கொன்னுதான் உன் போனுக்கு உசிர் வந்துருக்கு. வை போனை!"

ரோஷெல் அடுக்களைக்குள் ஓடினாள். "நானாய், அது எப்படி அடிச்சுது?"

"அவ கூப்பிட்டா, அடிச்சுது."

"பெட்டிதான் செத்துப்போச்சே!"

கைப்பேசியைப் பிடுங்கி ஜன்னலருகே போனாள், சிக்னல் போயிற்று. அடுப்பருகே போனாள், இல்லை. வெங்காயக் கூடைக்கு மேலே பிடித்தாள், வந்தது. ஜன்னல் வழியே அண்ணாந்து பார்த்தாள். குனிந்த தகரம் அவளைப் பார்த்தது.

"மாங் செலோ, ஆடாதீங்க! தகரத்தைத் தொடாதீங்க! அப்படியே நில்லுங்க!"

"ஏணி ஆடுது இன்ஜினியர்."

"ஏணி ஆடட்டும், தகரம் ஆடக் கூடாது!"

கம்பத்தின் உச்சி மட்டும் குன்றைத் தாண்டிக் கோபுரத்தைப் பார்க்கிறது. அங்கே விழும் அலையைக் குனிந்த தகரம் கண்ணாடிபோலக் கீழே, சரியாக வெங்காயத்தின் மேல் தட்டிவிடுகிறது. அவள் கருவியை எடுத்துவந்து கோபுரத்தின் பக்கம் பிடித்துப் பார்த்தாள். கோடு அமைதியாகப் படுத்திருந்தது. ஊளை இல்லை.

மாங் செலோ இறங்கிவந்து வியர்வையைத் துடைத்தார். "சரி, இப்ப இந்தத் தகரத்துக்கு முத்திரை வேணுமா?"

ரோஷெல் உண்மையாகவே யோசித்தாள். "இது கரண்ட் தின்னல. எதையும் பெருக்கல. வந்ததைத் திருப்பி விடுது, அவ்வளவுதான். விதி எல்லாம் பெருக்கற கருவிக்குத்தான்."

"வேணும்னா சொல்லுங்க, நாட்டுல இருக்கற கூரைக்கெல்லாம் ஸ்டிக்கர் ஒட்டிட்டு வருவோம். எனக்கு ஓய்வு பெற இன்னும் நாள் இருக்கு."

போல்ட்டை அந்தச் சாய்விலேயே முறுக்கினார்கள். ஆணையத்திலிருந்து வேறொரு அதிகாரி வந்து ஆலிங் பூரிங்குக்கு எச்சரிக்கை கொடுத்தார். அவருக்கும் சினிகாங் கொடுக்கப்பட்டது. அவர் விலை கொடுத்தே சாப்பிட்டார் என்பதை ஆலிங் பூரிங் இன்றும் ஓர் அவமானமாகச் சொல்கிறாள்.

அவளுக்குப் புதுக் கவலை ஒன்று முளைத்திருந்தது. மகளின் முகம் கடலைப் பார்க்கிறது. சாலையில் வருகிறவர்களுக்குத் தெரிவது தகரத்தின் துருப்பிடித்த முதுகு. "ஊர்க்காரன் என்ன நினைப்பான்? இன்ஜினியர் பட்டத்தைப் பிடுங்கிட்டாங்கன்னு நினைப்பான்." வெங்காயக் கூடைக்கு மேல் குனிந்தபடி ரோஷெலுக்குப் போன் செய்து புலம்பினாள். நின்ற இடத்தில் நின்று பேசி அவளுக்குப் பழக்கமில்லை. ஒவ்வொரு வாக்கியமும் பாதியில் அறுந்தது.

அடுத்து ரோஷெல் ஊருக்கு வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. திருப்பத்தில் பழக்கப்படி தலை குனிந்தது. இனி எதற்குக் குனிய வேண்டும் என்று தோன்றி நிமிர்ந்தாள். தகரத்தின் முதுகில் புது ஃபிளெக்ஸ். பள்ளிச் சீருடையில் கிளாரிஸா, முகம் கொஞ்சம் வீங்கினாற்போல, கேமராவை முறைத்துக்கொண்டிருந்தாள். 'வாழ்த்துகள் கிளாரிஸா பாங்கனிபான்' என்று மேலே. கீழே சிவப்பு எழுத்தில், 'எல்லாவற்றிலும் தேர்ச்சி.'

"அச்சடிக்கறவன் என்ன பரீட்சைன்னு கேட்டான்" என்றாள் ஆலிங் பூரிங், வெங்காயத்தை உரித்துக்கொண்டே. "எல்லாத்துலயும்னு போடுன்னேன். தப்பா?"

ரோஷெலும் ஒரு வெங்காயத்தை எடுத்து உரிக்கத் தொடங்கினாள். "தப்பில்ல நானாய்" என்றாள்.

மாலையில் கிளாரிஸா அழைத்தாள். ரோஷெல் ஃபிளெக்ஸின் படத்தை அனுப்பினாள். அது மெல்ல மெல்லப் போய்ச் சேர்ந்தது. திரையில் கிளாரிஸாவின் வாய் முதலில் திறந்தது, குரல் பிறகு வந்தது.

"ஐயோ! இந்தப் போட்டோவா? இது எனக்கு அம்மைக்கட்டு வந்தப்ப எடுத்தது! கன்னத்தைப் பாருங்க! கழட்டுங்க நானாய், இன்னிக்கே கழட்டுங்க!"

"எதுக்குடி கழட்டணும்? கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்க எடுத்த போட்டோ மாதிரி இருக்கே! லட்சணமா..." ஆலிங் பூரிங் ஆவேசத்தில் அடுப்புப் பக்கம் இரண்டடி வைத்தாள். கிளாரிஸா வாயைத் திறந்தபடியே உறைந்துபோனாள்.

"நானாய், வெங்காயத்துக்கு வாங்க!" என்று ரோஷெல் அம்மாவைத் தோளைப் பிடித்து இழுத்துக் கூடையருகே நிறுத்தினாள்.

திரை அசைந்தது. "ரோஷ், நீதான் கட்டினியா?" என்று கிளாரிஸா கேட்டாள். முகத்தில் கோபம் மிச்சமில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "சளி பிடிச்சிருக்கு, வேற ஒண்ணுமில்ல. சரி, அது இருக்கட்டும். திருப்பத்துலேருந்தே தெரியுதா?"